பதிமூன்றாம் நம்பர் அறை

எங்கள் ஆற்றின் பெயர் அரிச்சந்திரா.
அதுவே பொய்த்துவிட்ட வருஷத்தில்
பாலைவனம் தேடி ஒரு சினிமா கம்பெனி வந்தது.
ராஜஸ்தானுக்கு லாரி வாடகை கட்டுப்படியாகாதாம்.
கடைமடைக்கு வந்து
கலியமூர்த்தியின் மூணு மா வயலில் இறங்கி நின்று
டைரக்டர் கண் கலங்கினார்:
‘இதை இத்தனை நாள் எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தீங்க?’

‘ஒளிக்கலை சார்.
கலெக்டர் ஆபீசுல ஏழு மனு கிடக்கு.’

நான் அப்போது தாஜ் லாட்ஜில் மேனேஜர்.
பன்னிரண்டு அறை, ஒன்பது மின்விசிறி.
கடைசியாகத் தங்கியவர் போர்வெல் ஏஜெண்ட்;
உப்புத்தண்ணீர் வந்த ராத்திரி
சுவரேறிக் குதித்துப் போனவர்.
கடைத்தெருவில் ஒழுங்காய்த் திறந்தது
பூச்சிமருந்துக் கடை மட்டும்.
பயிரே இல்லாத ஊரில்
எந்தப் பூச்சிக்கு என்று
யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

தாகத்தில் சாகிற கூட்டம் வேண்டுமென்றார்கள்.
தலைக்கு இருநூற்றைம்பது, மதியம் புளிசாதம்.
ஊரே வரிசையில் நின்றது.
மேக்கப்மேன் கலியமூர்த்தியின் முகவாயைப் பிடித்துத்
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
‘இவர் வேணாம், ஓவரா இருக்கு’ என்றார்.
வடபழனியிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள்
சதைப்பிடிப்பான பஞ்சப்பரதேசிகள்.
எங்கள் ஆட்கள் கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்று
அவர்கள் சாவதைப் பார்த்துத் திருத்தம் சொன்னார்கள்:
‘விழும்போது கையை ஊனக்கூடாது தம்பி.’

பத்தொன்பதாம் நாள் பைனான்சியர் போனை எடுக்கவில்லை.
இருபதாம் நாள் யாருமே இல்லை.
நாற்பத்தோராயிரத்து முந்நூறு ரூபாய் பாக்கிக்கு
ஒட்டகத்தை விட்டுப் போயிருந்தார்கள்.
முதலாளி ஜபருல்லா அதை மூன்று முறை சுற்றிவந்து
‘இதை எப்படிக் கணக்குல ஏத்துவே?’ என்றார்.
அறை எண் பதிமூன்று என்று எழுதினேன்.

பெயர் பப்லு. சீமைக்கருவேலம் தின்றது.
எங்களிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.
மாடுகளை மணப்பாறைச் சந்தைக்கு முன்பே ஏற்றிவிட்டோம்.
ஊரில் எடை கூடிய ஒரே ஜீவன் பப்லு.
கால்நடைக் கணக்கெடுக்க வந்த பெண்
படிவத்தை மேலும் கீழும் தேடிவிட்டு
எருமையில் சேர்த்தாள். குறிப்பு: கழுத்து நீளம்.
மாப்பிள்ளை அழைப்புக்கு ஒருமுறை வாடகைக்கு விட்டோம்.
முகூர்த்தம் தாண்டியும் மாப்பிள்ளை இறங்கவில்லை.
‘மேலேருந்து பாத்தா
எங்கியோ தண்ணி தெரியுதுங்க.’
அது கடல். யாரும் சொல்லவில்லை.

மேட்டூர் திறந்த சேதி பேப்பரில் வந்து
நாற்பத்தாறு நாள் ஆகியிருந்தது.
காலுக்கு மெத்தென்று இருக்கட்டுமென
பப்லுவை ஆற்று மணலில்தான் கட்டிப்போடுவேன்.
முளைக்குச்சியை ஆழமாய் அடித்ததும் நான்தான்.
தண்ணீர் ராத்திரி வந்தது,
கடன் வாங்கி ஓடியவன் ஊர் திரும்புவதுபோல்
சத்தமில்லாமல்.
விடிந்தபோது
கலியமூர்த்தி மடையைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்.
நடு ஆற்றில் திமில் மட்டும் தெரிந்தது.

வறட்சி வருஷத்தில்
எங்கள் ஊரின் ஒரே கால்நடைச் சாவு
நீரில் மூழ்கி.
நிவாரணம் கேட்டோம்.
வறட்சிப் பிரிவு வெள்ளப் பிரிவுக்கு அனுப்பியது.
எருமைக்கு நீந்தத் தெரியுமே என்று
வெள்ளப் பிரிவு திருப்பி அனுப்பியது.

யாரோ வாங்கி, மிச்சத்தை எங்கோ எடுத்து,
இரண்டு வருஷம் கழித்துப் படம் வந்தது.
டிராக்டர் பிடித்துத் திருத்துறைப்பூண்டி போனோம்.
எங்கள் ஊர் பதினோரு நொடி.
பப்லு காமிராவைப் பார்த்து அசைபோடுகிறது.
கீழே எழுத்து: எங்கோ ஒரு பாலைவனம்.
கலியமூர்த்தி இருட்டில் எழுந்து நின்றார்.
‘ஏய், என் வயல்டா.
அந்த வரப்பு நான் வெட்டுனது.’

பின்வரிசையில் யாரோ சொன்னார்கள்:
‘உக்காருய்யா, மறைக்குது.’