அட்டையில் இருந்த பெயர்

சத்தியவேணி, நீ கேட்டதால் சொல்கிறேன்.
பதினோரு வருஷமாய் ராயக்கோட்டை ரோட்டில்
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
எல்லா வீட்டு மீட்டரையும் எட்டிப் பார்ப்பவள் நான்.
மின்வாரிய அடையாள அட்டைக்கு
நாய்கள்கூட வழிவிடும், சில நாள்.

வீடு காட்டப் புரோக்கர் கூப்பிடுவது
ஞாயிறு காலை பத்து மணிக்கு.
அந்த நேரத்தில் எல்லா வீடும் நல்ல வீடுதான்.
நீ செவ்வாய்க்கிழமை ராத்திரி போ.
கல் ஏற்றிய லாரி பைபாஸில் கியர் மாற்றும்போது
ஜன்னல் கண்ணாடி என்ன பேசுகிறதென்று கேள்.
ஐப்பசியில், மழையின் மூன்றாம் நாள்
இன்னொருமுறை போ.
செருப்பைக் கையில் பிடித்துத் திரும்பினால்
அட்வான்ஸ் பணமும் உன்னோடு திரும்பட்டும்.

தண்ணீர் எப்படி என்று புரோக்கரைக் கேட்காதே.
இளநீர் மாதிரி என்பான்.
பக்கத்து வீட்டுப் பையனைச் சிரிக்க வை.
போர் தண்ணீரின் சரித்திரம்
பழுப்புக் கோடாய் அவன் பல்லில் இருக்கும்.
ஒகேனக்கல் குழாய் அந்தத் தெருவுக்குள் வந்ததா,
முனையோடு நின்றுவிட்டதா,
வந்தால் எத்தனை நாளைக்கு ஒருமுறை?
குடத்தோடு நிற்கிறவளைக் கேள்.
அவளுக்குக் கமிஷன் இல்லை.

பேங்கில் இருபது வருஷம் என்பதை
இரண்டு டீ என்கிற மாதிரி சொல்வார்கள்.
உன் மகள் இப்போது யுகேஜி.
கடைசித் தவணை கட்டும் நாளில்
அவளுக்கு இருபத்தைந்து.
அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்.
பிறகு கையெழுத்துப் போடு.

பட்டா, சிட்டா, மூலப்பத்திரம்,
முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று,
எல்லாம் வாங்கு என்பார்கள்.
நாங்களும் வாங்கினோம்.
வக்கீல் ஒப்பீனியன் ஆறு பக்கம்.
வில்லங்கம் ஏதுமில்லை என்றிருந்தது.
பதிவானதைத்தான் அந்தக் காகிதம் சொல்லும்,
பதிவாகாத மனுஷியை அதற்குத் தெரியாது.

ஊர் மீட்டரெல்லாம் பார்த்தவள்
அந்த வீட்டு மீட்டர் அட்டையையும் பார்த்தேன்,
பார்த்தேனே தவிர, படிக்கவில்லை.
பொ. திம்மராயன் என்றிருந்தது.
செத்து ஒன்பது வருஷம்.
விற்றவர்கள் மகன்கள் இரண்டு பேர்.
வாரிசுச் சான்றிதழ் எங்கே என்றதற்கு
'பட்டாவே எங்க பேர்ல இருக்கே மேடம்' என்றார்கள்.
எனக்கும் அவசரம். ஆடி பிறக்க
ஆறு நாள்தான் இருந்தது.

பால் காய்ச்சிய எட்டாம் மாதம்
பர்கூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள் மாதம்மாள்.
கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை.
கேட்டுக்கு வெளியே நின்று மீட்டர் பெட்டியைப் பார்த்தாள்.
'அப்பா பேரு இன்னும் மாத்தலியா?'
குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.
சொம்பைத் திருப்பித் தரும்போது சொன்னாள்:
'கேட்டிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேன்.
ஒருத்தரும் கேக்கல.'

நோட்டீஸ் பின்னால் வந்தது.
இப்போது கிருஷ்ணகிரி கோர்ட்டில்
வாய்தாவுக்கு வாய்தா
ஒரே வேப்பமரத்தடியில் நிற்கிறோம்.
வேகவைத்த கடலை கொண்டுவருவாள்.
எனக்கும் ஒரு கை தருவாள், வாங்கிக்கொள்வேன்.
அவள் வக்கீலுக்கு அது பிடிக்கவில்லை.
தவணை மட்டும் மாதாமாதம் ஐந்தாம் தேதி
யார் வீடென்று கேட்காமல் போய்க்கொண்டிருக்கிறது.

அறைகளை எண்ணுவதற்கு முன்
அந்த வீட்டில் பிறந்தவர்களை எண்ணு சத்தியவேணி.
கல்யாணமாகிப் போனவர்களையும் சேர்த்து.

என் வீடும் என் செக்‌ஷனில்தான்.
இந்தமுறை இருநூற்றுப் பன்னிரண்டு யூனிட்.
பில் கட்டுவது நான், பெயர் திம்மராயன்.
மாற்ற மனு எழுதி வைத்திருக்கிறேன்,
கொடுக்கத்தான் இல்லை.

சனிக்கிழமை எனக்கு லீவு.
பத்திர நகலை எடுத்துக்கொண்டு வா.
கண்ணாடி போட்டுக்கொண்டு
இந்தமுறை படிக்கிறேன்.