விலாவுக்கு நாலு விரல் கீழே

டிசம்பரில் வெட்டி எடுத்தார்கள்.
எடுத்ததைக் காட்டவில்லை.
விட்டுவைத்ததைத்தான் காட்டினார் புளோரி சிஸ்டர்:
இடது விலாவுக்கு நாலு விரல் கீழே
நனைந்த செம்பருத்தி மொட்டு மாதிரி
வயிற்றில் ஒரு வாய்.
“பாருங்க மாஸ்டர், பழகிக்கணும்.”
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
மூன்று இறக்கை. ஒன்றில் ஒட்டடை.

இருபத்தாறு வருஷம் மைதானத்தில் நின்று
பையன்களுக்குச் சொன்னவன் நான்:
சொல்லத் தெரிந்தால் உடம்பு கேட்கும்டா.
இப்போது அது
என்னைக் கேட்காமல், மணி பார்க்காமல்
ஒரு பைக்குள் தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

பை மாற்ற அமலி கற்றுக்கொண்டாள்.
பிள்ளைகள் சார்ட்டுக்கு நிலா வெட்டிக்கொடுத்த
அதே கத்தரிக்கோல், அதே கவனம்.
நான் கண்ணை மூடிக்கொள்வேன்.
செபிக்கிறேன் என்று நினைத்திருந்தாள்.
“பழைய வயிறு வேணும் சாமி” என்பதைச்
செபம் என்று சொல்லலாமென்றால், செபம்தான்.

தவக்காலம் முழுக்க பூசைக்குப் போகவில்லை.
குருத்தோலை வீட்டுக்கு வந்தது.
பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை எங்கள் தெருவில் திரும்பியபோது
ஜன்னலைச் சாத்தினேன்.
உயிர்ப்புத் திருநாளுக்குப் பிரியாணி,
எனக்கு அரைக் கரண்டி.

அடுத்த ஞாயிறு அவள் ஒன்றும் கேட்கவில்லை.
சட்டையைத் தேய்த்துக் கட்டிலில் போட்டுவிட்டு
செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

ஞானஒளிவுபுரம் கோவில். கடைசிப் பெஞ்சு, கதவோரம்.
வெளியே சித்திரைத் திருவிழா மோர்ப் பந்தலுக்கு
யாரோ கால் ஊன்றும் சத்தம்.
அன்றைய வாசகம் அந்த நம்பாதவரைப் பற்றியது.
கையை விட்டுப் பார்த்தால்தான் ஆச்சு என்றாரே, அவர்.
நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன்.
எப்போதும் அவர் விரலைத்தான் பார்த்திருக்கிறேன்.
அன்று காயத்தைப் பார்த்தேன்.

கல்லறைக் கல்லையே புரட்டிப் போட்டவருக்கு
விலாவில் ஒரு துளையை மூடத் தெரியாதா?
மூடவில்லை.
மூன்றாம் நாள் எழுந்த புத்தம் புது உடம்பிலும்
அதை வைத்துக்கொண்டார்.
பூட்டிய வீட்டுக்குள் வந்து
பயந்து கிடந்தவர்களிடம்
முதல் வேலையாக அதைத்தான் காட்டினார்.

என் கை தானாக இடது பக்கம் போனது.

நற்கருணை வாங்கி வந்து மண்டியிட்ட அமைதியில்
பை பேசிற்று.
சின்னச் சத்தம்தான். ஆனால் அந்தக் கூரை உயரம்.
முன் பெஞ்சுப் பையன் திரும்பினான்.
அமலி இருமினாள்.
சளியுமில்லை ஒன்றுமில்லை,
முந்தானையால் வாயைப் பொத்தி
மூன்று தடவை, தூண் அதிர.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
அப்பம் நாக்கில் இன்னும் கரையாமலிருக்க.

அன்று ராத்திரி கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டேன்.
வட்டத்தை நானே வெட்டினேன். கோணல்.
“தேய்பிறை” என்றாள்.

குன்னத்தூர் சத்திரத்தில் அன்சாரி பாய்
பேன்ட் இடுப்பை இரண்டு அங்குலம் ஏற்றித் தைத்தார்.
“எங்க அத்தா காலத்து ஸ்டைல் சார்” என்று ஊசி முனையில் சிரித்தார்.
காரணம் சொன்னேன்.
தையல் கூலியில் இருபது ரூபாய் குறைத்தார்,
வாங்கிக்கொள்ளவில்லை நான். அதற்கு ஒரு சண்டை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது.
விசில் ஊதினால் வயிறு முட்டும்;
இடது உள்ளங்கையால் தாங்கிக்கொண்டுதான் ஊதணும்,
புளோரி சிஸ்டர் உத்தரவு.
முதல் நாள் அப்படித்தான் ஊதினேன்.
மறுநாள் வெயில் ஏறுமுன்
ஏழாம் வகுப்பு ‘பி’, நாற்பத்திரண்டு பையன்களும்
சுண்ணாம்புக் கோட்டில் வரிசையாக,
இடது கை வயிற்றில்.
புது ரூல் என்று நினைத்துக்கொண்டார்கள் போல.

நான் திருத்தவில்லை.
ஊதினேன்.