பெண்குட்டி எந்தத் திணை

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் பக்கம்
நகைக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
மாலை ஐந்தரைக்கு ஜெர்மன் வகுப்பு.
முப்பத்தொரு பேர்,
எல்லாரும் நர்ஸிங் முடித்தவர்கள், கடன் எடுத்தவர்கள்.

விஜின் சார் பலகையில் எழுதுகிறார்:
மேசை ஆண்.
கதவு பெண்.
ஜன்னல் வெறும் அது.
நிலா ஆணாம், சூரியன் பெண்ணாம்.
கரண்டி ஆண், முள்கரண்டி பெண்,
ஏன் என்று கேட்காதே, மனப்பாடம் பண்ணு.
பெண்குட்டி...
சாக்பீஸை வைத்துவிட்டுச் சிரிக்கிறார்...
பெண்குட்டி அஃறிணை.

கல்யாணம் ஆனா சார்? என்றாள் பின்வரிசை சுபிஜா.
ஆனா பெண்பால் ஆயிடும்.
ஆகலைன்னா அப்படியே கிடக்கும்.
வகுப்பே சிரித்தது.
நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

ஆறுகாணிக்குக் கடைசி பஸ்
வகுப்பு முடியும் முன்பே போய்விடும்.
அதனால்தான் குழித்துறையில் அறை,
அதனால்தான் உவாசே.
ருவாண்டாவிலிருந்து வந்து பதினோரு மாதம்,
பி.பார்ம் படிக்கிறாள்.

வந்த வாரம், மெஸ்ஸில் தங்கபாய் அக்கா
'வெள்ளம் வேணுமா மக்களே' என்று கேட்க,
அகராதியைப் பார்த்துவிட்டு
மாடிக்கு ஓடியவள்.
இப்போது 'இச்சிரி வெள்ளம் தா' என்கிறாள்.
சென்னையிலிருந்து வந்த பேராசிரியை
நெற்றியைச் சுருக்குகிறாராம்:
எங்கே படித்தாய் இந்தத் தமிழை?
அதே நெற்றியை எனக்கும் சுருக்கியவர்கள் உண்டு,
நான் பிறந்தே இங்குதான்.

பஸ் ஸ்டாண்டில்
சூடாக ஏத்தம்பழ பஜ்ஜி வாங்கி
காகிதத்தில் எண்ணெய் பிழிந்து நான் தின்னும்போது
அவள் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.
பெருமைக்காரி என்று நினைத்தேன் மூன்று மாதம்.
அவள் ஊரில் தெருவில் நின்று தின்றால்
வளர்த்தவர்களைத்தான் குறை சொல்வார்களாம்.
எனக்காக வெட்கப்பட்டுத்தான்
பாலத்தைப் பார்த்திருக்கிறாள்.
இப்போதும் அவள் பங்கு
அறைவரைக்கும் மடியில் இருந்து ஆறும்.

பஸ்ஸில் அவள் பின்னலைத் தொட்டுப் பார்ப்பார்கள்,
கேட்காமல்.
கையைத் தட்டிவிட இங்கே என்ன சொல்லணும்
என்று ஒருநாள் கேட்டாள்.
சொல்லிக்கொடுத்தேன், மூன்று விதமாக, கடைசியாகக் கெட்ட வார்த்தை.
முதல் இரவு அவள் உறங்கிவிட்டாள் என்று
நானும் தொட்டதை
இன்னும் சொல்லவில்லை.

இன்று பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரித்தபடி
பெண்குட்டி சங்கதியைச் சொன்னேன்.
எங்கள் பாஷையில் பதினாறு அறை, என்றாள்.
மனுஷர் முதல் அறையில்.
மாடு ஒன்பதாவதில்.
முட்டாள் மட்டும் ஏழாவதில், சாமான்களோடு.
பெண்குட்டி?
முதல் அறைதான். பையனும் அங்கேதான். இடம் இருக்கு.

அப்போது அம்மாவின் போன்.
இரவு எட்டரை, அப்பா படுக்கப்போகும் நேரம்,
மூன்று மணிக்கு எழுந்து பால் வெட்டணும்.
பேங்கில் இருக்கிறது
நாற்பது மூடு ரப்பரின் பத்திரம்.
அப்பா என்னோடு பேசமாட்டார்,
அம்மாவுக்குப் பின்னால் நின்று அம்மாவோடுதான் பேசுவார்:
அது தின்னுச்சா?
அதுக்கு எப்பம் பரீட்சை?
அங்க குளிருமே அதுக்கு.

ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த உவாசே
மெதுவாகக் கேட்டாள்:
அது யாரு? வீட்டில் ஆடு இருக்கா?

நான்தான், என்றேன்.

அவள் நோட்டை எடுத்தாள்.
பேனாவை மூடினாள், திறந்தாள்,
எதையோ எழுதி அடித்தாள்.
பிறகு மேசையிலிருந்து கரண்டியைத் தூக்கிக் காட்டி
வாத்திச்சி மாதிரி, ம்? என்றாள்.
ஆண்.
கத்தி?
தெரியவில்லை. ஏதோ ஒன்று சொன்னேன்.
சரியா தப்பா அவளுக்கும் தெரியாது,
தலையை மட்டும் ஆட்டினாள்
எங்கள் ஊர் ஆட்டு,
ஆமாவும் இல்லையும் ஒன்றாகக் கலந்து.
வெளியே மழை பிடித்தது.
'மறை' என்றாள்.
திருத்தவில்லை நான்.
கொடியில் கிடந்த யூனிபாரத்தை எடுக்க
இரண்டு பேரும் ஓடினோம்.