நீல பிளாஸ்டர்

உண்ணும் பொருள் எதுவும் நீலமாய் இல்லை.
அதனால்தான் எங்கள் பிளாஸ்டர் நீலம்.
உள்ளே மெல்லிய உலோகத் தகடு வேறு:
காயம் தொலைந்தாலும்
மெஷினுக்குத் தெரிய வேண்டுமாம்.

மட்டக்குளி. இரவு வேலை. இஞ்சி பிஸ்கட் லைன்.
வாசலிலேயே தோடு, காப்பு, கைக்கடிகாரம் எல்லாம்
டப்பாவில் போட்டுக் கையெழுத்து வைத்தாயிற்று.
மூக்குத்திக்கும் விலக்கில்லை.

மணிக்கொரு தரம் என் வேலை இது:
மூன்று சிறு குண்டுகள், இரும்பு, பித்தளை, எவர்சில்வர்,
ஒவ்வொன்றாய் பெல்ட்டில் அனுப்புவேன்.
மெஷின் மூன்றையும் எட்டி உதைக்க வேண்டும்.
உதைத்தால் "சரி" என்று எழுதுவேன்.
கள்ளனை நானே அனுப்பி
பொலிஸை நானே சோதிக்கிற உத்தியோகம்.

இரண்டு நாற்பதுக்கு
டெலிஷியா கையுறை மாற்றினாள்.
சுண்டுவிரல் வெறுமையாய் இருந்தது.

ஒன்பது மணிக்கு நான்தான் கொடுத்தேன்.
புத்தகத்தில் இருக்கிறது: பிளாஸ்டர், ஒன்று, இடது சுண்டுவிரல்.
போனது ஒன்றென்றால் வர வேண்டியதும் ஒன்று.

லைன் நின்றது.
அந்த அமைதியில், களனி ஆற்றுப் பக்கம்
நாயொன்று குரைப்பது
மூன்று வருடத்தில் முதல் முறையாகக் கேட்டது.
நதீஷா மிஸ் சத்தம் போடவில்லை. அதுதான் பயம்.
"ஹொயமு" என்றாள். தேடினோம்.

ஆயிரத்து நூற்று அறுபது பாக்கெட்
திரும்பவும் மெஷினுக்குள் போயின.
மெஷின் வாயே திறக்கவில்லை.
மாவு அரிதட்டு, காந்தக் கம்பி, கிறீம் தொட்டி,
ரிஸ்மினாவின் பூட்ஸ் அடி.
டெலிஷியா அழவில்லை.
அந்த விரலை மட்டும் மடக்கி வைத்திருந்தாள்,
களவெடுத்தது அதுதான் என்பதுபோல.

ஐந்தேகாலுக்கு அகப்பட்டது.
கழித்த கையுறைக் கூடையில், எல்லாவற்றுக்கும் அடியில்,
அவள் வீசிய கையுறையின் சுண்டுவிரல் நுனிக்குள்
சுருண்டு ஒட்டிக்கொண்டு
பத்திரமாய்.

ரிஸ்மினாதான் முதலில் சிரித்தாள்.
பிறகு மிஸ்ஸும்.
எழுதினேன்: கிடைத்தது. ஒன்று. முழுசாக.

விடிந்து, முகத்துவாரச் சந்திக் கடையில்
இடியப்பமும் சொதியும்.
சொதியில் ஒரு தலைமயிர்.
நீளமானது. யாருடையதென்று
எந்தப் புத்தகத்திலும் இல்லை.

விரலில் சுற்றியெடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு
இன்னும் ஐந்து இடியப்பம் சொன்னேன்.