ஒரே நிமிடத்தில் ஏழு

சலாலாவுக்கு விமானம் ஏறுமுன்
ஜெபக்கனி என் போனில் ஏற்றிவிட்டுப் போனது
ஒரு செயலி, முப்பத்தோரு வேலைகள்.
எல்லாமே திரும்ப வருகிறவை.
டிக் அடித்தால் மறைகிறது.
நாளைக்கோ வியாழனுக்கோ
ஒன்றுமே நடக்காத முகத்தோடு
மறுபடி வந்து நிற்கிறது.

அவளுக்கு அங்கே ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி.
சமாதானபுரத்தில் நான் அடிக்கிற டிக்
அவள் பாக்கெட்டில் ஒரு சின்ன அதிர்வு.
‘ஏபெலுக்கு நகம்’, டிக்.
‘மொட்டைமாடித் தொட்டி’, டிக்.
ஐ லவ் யூ எல்லாம்
எங்கள் வழக்கத்தில் இல்லை.

தண்ணீர் மட்டும் செயலிக்கு அடங்கவில்லை.
ஒன்றுவிட்டொரு நாள் என்று போட்டிருந்தாள்.
ஆறு ஓடுகிற ஊரில்
குழாய்க்கு அதன் இஷ்டம்.
‘இன்று’ என்று போன் சொல்லும் நாளில் காற்று வரும்.
சொல்லாத நாளில், விடியக்காலம் மூன்றரைக்கு,
பக்கத்து வீட்டுக் குடம் உருளும் சத்தம்தான்
எனக்கு அறிவிப்பு.

ஒவ்வொரு வேலைக்குள்ளும் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது:
அடுத்ததைத் தேதியிலிருந்து எண்ணவா,
நீ முடித்த நாளிலிருந்து எண்ணவா?
பேட்டரிக் கடைக்காரனுக்கு இது புரியும்.
சீட்டுப் பணம் தேதிக்காரன்,
செத்துக் கிடந்தாலும் பத்தாம் தேதி கதவைத் தட்டுவான்.
பேட்டரித் தண்ணீர் அப்படியில்லை,
ஊற்றிய நாள்தான் அதற்குக் கணக்கு,
பிந்தி ஊற்றினால் பிந்தித்தான் கேட்கும்.
வண்ணாரப்பேட்டைக் கடையில்
மூன்று மாசம், மூன்று மாசம் என்று சொல்லி அனுப்புகிறேன்.
தட்டு வெளுத்த பிறகு
ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.
கோபத்திலும் இந்த இரண்டு வகை உண்டு.
அவளுடையது தேதிக் கணக்கு,
என்னுடையது முடித்த நாள் கணக்கு.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்
காய்ச்சலில் எழும்ப முடியவில்லை.
ஏபெலை எதிர்வீட்டு மெஹராஜ் டீச்சர்
கூட்டிப்போய்ச் சோறு கொடுத்தார்.
பட்டியல் ஒவ்வொரு வரியாகச் சிவந்தது.
தூரத்தில் இருக்கிறவள் பயந்துவிடக் கூடாதே என்று
படுத்தபடியே ஏழையும் அடித்துவிட்டேன்.
வடிகட்டி கழுவவில்லை.
கறிவேப்பிலைக்கு ஊற்றவில்லை.
கேஸை மூடினேனா, தெரியாது.

இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, போன்.
“ஏழு டிக்கும் ஒம்பது பதினாலுக்கே வந்துருக்கு.
மேலுக்கு என்ன செய்யுது ஒங்களுக்கு?”

அப்போதுதான் தெரிந்தது,
இத்தனை மாதமும் அவள் வேலைகளைப் பார்க்கவில்லை,
நடுவிலிருக்கும் இடைவெளிகளைப்
படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.
நகத்துக்கும் தொட்டிக்கும் நடுவே நாற்பது நிமிடம் என்றால்
நான் டீ குடித்திருக்கிறேன்.
பதினொன்றைத் தாண்டி ஒரு டிக் என்றால்
உறக்கம் பிடிக்கவில்லை.

காய்ச்சல் விட்ட மத்தியானம்
வேறு வேலையில்லாமல்
ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.
‘முடிவு’ என்ற கட்டத்தில்
முப்பதுக்கும் ‘ஒருபோதும் இல்லை’.
சனிக்கிழமை வருகிற ஒன்றுக்கு மட்டும்,
‘என் தலையணையை வெயிலில் போடவும்’,
அதற்கு மட்டும்
‘நூற்றுநான்கு தடவைக்குப் பின்’.
கீழே பொடி எழுத்தில்: மீதம் அறுபத்தொன்று.

அந்தச் சனிக்கிழமை விடாத மழை.
வரி சிவந்தது. இருக்கட்டும் என்று விட்டேன்.
ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது
கொஞ்சம் வெயில்.
போட்டேன். ஒருதரம் திருப்பிப் போட்டேன்.
நாலு மணிக்குத் தொட்டுப் பார்த்து,
உள்ளே எடுத்து வைத்து,
அப்புறம்தான் டிக்.

அறுபது.