அல்லது

கொழும்பு பஸ்ஸில் வந்த பெட்டிக்குள்
நாலு ஆங்கில பைபிள்கள், மாதிரிக்கு.
"எது சரியான மொழிபெயர்ப்பு எண்டு
நீங்கள்தான் சொல்லவேணும் ரீச்சர்.
பன்னிரண்டு வாங்கக் காசிருக்கு.
மிச்சம் மூண்டும் வெள்ளிக்கிழமை திரும்பிப் போகவேணும்."
பின்னேர வகுப்புப் பிள்ளைகளுக்காம்.
பாதர் லியோன் தேத்தண்ணி வைக்கப் போனார்.

இரணைப்பாலை. பங்குமனை விறாந்தை.
ஒரு கால் ஆடும் பிளாஸ்ரிக் மேசை.
கறுப்பு அட்டை ராசா காலத்து ஆங்கிலம் பேசுகிறது;
அதைக் கொண்டு கச்சேரியில் ஒரு படிவம் நிரப்பேலாது.
நீல அட்டைக்கு வாய் கூட.
கேட்டதையும் விளங்கப்படுத்தும், கேளாததையும்.
மற்ற இரண்டும் அடக்கமானவை,
ஒன்று மண்ணிறம், ஒன்று பச்சை.

எனக்குக் கிரேக்கம் தெரியாது.
எபிரேயம் வலமிருந்து போகும் என்பது மட்டும் தெரியும்.
ஆனால் என்னிடம் ஒரு சொல் இருக்கிறது.
நாலிலும் அதையே தேடினேன்:
காணாமற்போன ஆடு.

ஆடு அலைந்து போயிற்று என்கிறது கறுப்பு.
குற்றம் ஆட்டில்.
ஆயன் ஒன்றைத் தொலைத்தான் என்கிறது பச்சை.
குற்றம் ஆயனில்.
பாவம், அதற்கு வழி தெரியவில்லை என்கிறது நீலம்.
குற்றம் ஒருவரிலும் இல்லை.
யாரோ பிடித்துக்கொண்டு போனார்கள் என்று
ஒன்றிலும் இல்லை.
மண்ணிறத்தைத் திறக்காமலே
கொஞ்ச நேரம் இருந்தேன்.

ஆணைக்குழு இங்கே அமர்ந்த ஆண்டில்
தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில்
நான்தான் வாய்.
அற்புதமலர் சொன்னா:
"கையைப் பிடிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தனான்.
பேர் பதிஞ்சவை. பஸ்ஸிலை ஏத்தினவை."
கையளித்தேன் என்றுதான் ஆங்கிலத்தில் சொன்னேன்.
தட்டச்சுக்காரர் மிஸ்ஸிங் என்று அடித்தார்.
மூன்று மாதத்தில் அது தமிழாகித் திரும்பி வந்தது:
மகன் காணாமற்போயுள்ளார்.
அவ அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு
"போனவன் இல்லைப் பிள்ளை" என்றா.
அவ்வளவுதான்.
திருத்துவிக்கிறேன் என்றேன்.
பின்னால் முப்பத்தொரு பேர் வரிசையில்.
சாப்பாட்டு நேரம் வேறு.
திருத்துவிக்கவில்லை.

இன்றைக்கு அந்த வினைச்சொல்லோடு
ஒரு பைபிள் கிடைத்திருந்தால்
கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டும் வாங்கியிருப்பேன்.
அதுதான் பயமாயிருக்கிறது.
தட்டச்சுக்காரருக்கும்
ஒரு விருப்பம் இருந்திருக்கும்தானே.

பாதர் குருமடத்து அகராதியோடு வந்தார்.
முதுகு கிழிந்து, நூல் தொங்க.
"இந்த இடத்திலை வினை செயப்பாட்டு உருவம், ரீச்சர்."
செயப்பாட்டு.
கதிரையில் நிமிர்ந்துவிட்டேன்.
"வழிதவறியது எண்டுதான் எல்லாரும் எடுக்கிறவை.
வழிதவற வைக்கப்பட்டது எண்டும்
வேறை இடங்களிலை பொருள் வரும்.
இஞ்சை அப்பிடித்தான் எண்டு
நான் சத்தியம் பண்ணமாட்டன்."

சத்தியம் பண்ணாத மனிதரை
அந்த மேசையில் அன்றைக்குத்தான் கண்டேன்.
தேத்தண்ணியில் சீனி இல்லை.
அவர் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மண்ணிறத்தைத் திறந்தேன்.
எறும்பு எழுத்து. வெங்காயத் தோல் போல் தாள்.
பக்கத்தின் அடியில் ஒரு கோடு,
கோட்டுக்குக் கீழே இன்னும் சிறிய எழுத்தில்:
அல்லது, இப்படியும் கொள்ளலாம்.
அல்லது, சில படிகளில் இந்த வரி இல்லை.
அல்லது, இச்சொல்லின் பொருள் உறுதியில்லை.
என் ஆட்டுக்கு அதில் குறிப்பு எதுவும் இல்லை.
தேடித்தான் பார்த்தேன்.
என்றாலும் தெரியாததைத் தெரியாது என்று
அச்சடித்து விற்கிற புத்தகம்.
இதுதான் பாதர், என்றேன்.
பன்னிரண்டு.

இரவு ட்ரங்குப் பெட்டிக்குள்
அந்தக் கோப்பின் பிரதி இருந்தது.
கறையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது, பெயரைத் தின்னவில்லை.
அடித்த சொல்லை நான் வெட்டவில்லை.
பக்கத்தின் அடியில் அடிமட்டம் வைத்து ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே:
அல்லது,
கையைப் பிடிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தனான்.
பேர் பதிஞ்சவை. பஸ்ஸிலை ஏத்தினவை.
சொன்னவர் இவர். மொழிபெயர்த்தவர் நான்.
கையெழுத்து. திகதி, இன்றையது.

இதை எந்தக் கந்தோர் வாங்கும் என்று தெரியாது.
முல்லைத்தீவுக்கு முதல் பஸ்
ஆறேகாலுக்கு.