நீக்க வேண்டிய கறைகள்

மாட்டுத்தாவணிக்கு எதிரே
கடலுணவுக் கடை திறக்கிறார் பிரான்மலை அண்ணன்.
மதுரைக்குக் கடல் இல்லாத குறையைப்
பதினாறடிச் சுவர் ஒன்றில் தீர்த்துவிட வேண்டும் அவருக்கு.
துண்டில் சுற்றிக் கொண்டுவந்தது
மூலை உடைந்த கண்ணாடித் தட்டு.
அடியில் இடவலம் மாறிக் கீறிய ஓர் எண்ணும்
வெள்ளைக்காரன் வாய்க்கு வந்த தூத்துக்குடியும்.

"மாப்பிள்ளை போன்ல திருப்பிக் காட்டுனான், தங்கச்சி.
நடுவுல ஒரே புகைக் கறை.
பழசா இருக்கணும்,
ஆனா அழுக்கா இருக்கக் கூடாது. எடுத்துரு."

கீழ ஆவணி மூல வீதி, மூன்றாம் மாடி.
ஸ்கேனர் விளக்கு ஒருமுறை ஊர்ந்து முடிக்க
திரையில் கரை தட்டியது துறைமுகம்.
கப்பல்கள் வெகு தூரத்தில், கொசு உட்கார்ந்த மாதிரி.
ஆழமில்லாத கரை;
தோணிகள்தான் போய்வர வேண்டும்.

இருநூறு சதவீதம்.
சுங்க மேடைத் தூண்கள் தெளிவு.
குடைக்குக் கீழே தொப்பிக்காரர் தெளிவு,
மீசை நுனி, கடிகாரச் சங்கிலி,
அசையாமல் நிற்பதற்கே சம்பளம் வாங்குகிறவர் போல.
பஞ்சுப் பொதிகள் தெளிவு.
ஒன்றின் மேல் தார் எழுத்தை எழுத்துக்கூட்டினேன்:
மதுரா.
வால் நறுக்கிய நம் ஊர்.

பிறகு கறைகள்.
மேடைக்கும் தோணிக்கும் நடுவே நாற்பது, ஐம்பது.
நானூறாக்கினேன்.
கறைக்குக் கால் இருந்தது.

அந்தக் கேமராவுக்கு
மூடியைக் கழற்றி நாலைந்து எண்ண வேண்டும்.
எண்ணி முடியும்வரை நின்றவர்கள் படத்தில் உண்டு.
பொதிக்கு நாலு பேர், பாடைக்குப் போல;
அவர்கள் எங்கே நிற்க?
பாதம் ஊன்றிய கணம் மட்டும் தட்டில் விழ
இடுப்புக்கு மேலே ஆவி.
கூடைக்காரி ஒருத்தி திரும்பிப் பார்த்திருக்கிறாள்:
ஒரே கழுத்தில் இரண்டு முகம்,
இரண்டும் பாதி.
பொதி நிழலில் தூங்கிய நாய்க்கோ
ஒவ்வொரு விலா எலும்பும் துல்லியம்.

கறை எடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை.
பக்கத்துக் கடலில் ஒரு கை நகலெடுத்து
ஆள் மேல் அமுக்கினால் போதும்.
மத்தியானத்துக்குள் பதினொரு பேரைக் கடலாக்கினேன்.
அலைக்கோடுகூடப் பிசகவில்லை;
எனக்கே கொஞ்சம் பெருமை.
தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால்
பலகைக்கு மேலே, அந்தரத்தில்,
பொதிகள் தாமாகப் போய்க்கொண்டிருந்தன.

கரண்ட் போனது.
விசிறி நின்று, திரை அணைந்து,
கண்ணாடித் தட்டை ஜன்னல் வெயிலில் பிடித்தேன்.
வெள்ளை எல்லாம் கறுப்பு அதில்.
தொப்பிக்காரர் முகம் கரி.
கூடைக்காரி வெளிச்சமாக, இரண்டு தடவை.

கரண்ட் வந்ததும்
சேமிக்காத வேலை போயிருந்தது.
சேமித்திருக்கலாம்தான்.
திரும்பத் தொடங்கவில்லை.

"போகலையா?"
"போகாதுண்ணே. தட்டுலயே இருக்கு."
பொய்யில்லை.
கூலியில் ஐந்நூறைப் பிடித்துக்கொண்டார்.

திறந்த ஒரு வாரம் கழித்துப் போனேன்.
ஏசி குளிர், வஞ்சிரம் வறுவல், வாசல் வரை கூட்டம்.
நாய்க்கு நேர் கீழே கல்லாப்பெட்டி.
எட்டாம் நம்பர் மேசைக்கு மேல்
எங்கிருந்தோ பிழைக்க வந்த பையன் ஒருவன்
ஈரத்துணியை மடித்து
கூடைக்காரியின் இரட்டை முகத்தை
அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"போகலைண்ணே" என்று
உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.